ஏத்த ஏத்த நிக்கல

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஒரே ஃபைல்.
மேலே ஆஸ்டின், கீழே ஜெபின் என்று
அம்மா ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது.
எட்டாம் ஃபேக்டர் இரண்டு பேருக்கும் இல்லை.
எனக்கு ஊசி போட்டால் ரத்தம் நிற்கும்.
அவனுக்கு இந்த ஆனியிலிருந்து
போட்டாலும் நிற்பதில்லை.

முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் வேலை எனக்கு.
மூலத்தில் கறுப்புக் கோடு இருந்தால்
நகல் அத்தனையிலும் இருக்கும்,
நான் அறிந்த நியாயம் அவ்வளவுதான்.
வேலூர் போய்வந்த ரத்தமும் அதையே சொன்னது:
இருவருக்கும் ஒரே இடத்தில்
நீளமாய் ஒரு துண்டு கழன்று
தலைகீழாய்த் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கடையில் என்றால்
தாளைத் திருப்பி வைத்திருப்பேன்.

"இந்தப் பிழை உள்ளவங்கள்ல
நாலஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு இப்படி வரும்"
என்றார் ரஹ்மத் டாக்டர்.
பிறந்ததிலிருந்து பார்த்தே இராத சரக்கு
ஊசி வழியே வந்து இறங்கினால்
யாருலே நீ என்று உடம்பு மறிக்குமாம்.
என் உடம்பும்தான் பார்த்ததில்லை,
அது ஏன் கேட்கவில்லை?
அதற்கு அவர் வேறு சில ஜீன்களைச் சொன்னார்.
வாசலில் ஆள் அடையாளம் பார்க்கிறவை,
கோபத்தைக் கூட்டிக் குறைக்கிறவை,
எழுத்தும் எண்ணுமாய், ஜவுளிக்கடைத் துணிச்சீட்டு மாதிரி.
அவற்றில் நாங்கள் நகல்கள் இல்லை.
அங்கே வெறும் அண்ணன் தம்பி.

ரிப்போர்ட்டில் நாற்பத்தாறு பெதஸ்தா யூனிட்.
அம்மா கண்ணாடியைத் துடைத்து
இன்னொரு தடவை வாசித்தாள்.
சமாதானபுரத்து ஓய்வுநாள் பள்ளியில்
பிள்ளைகளுக்கு அவள் சொல்லுகிற குளம் அல்லவா,
தண்ணீர் கலங்கும்போது
முந்தி இறங்குகிறவனுக்குச் சுகம்.
"கூடக் கூட நல்லதாம்மா?" என்றாள்.
"கூடக் கூடாதும்மா."

ஜெபினின் முட்டு பனங்காய் போல மினுங்குகிறது.
ஐஸ் துணியை மாற்ற விடாமல்
செல்லில் கால்பந்து பார்க்கிறான்.
இனிமேல் பைபாஸ் மருந்து என்றதும்
"ஈரடுக்குப் பாலத்துல நெருக்கடின்னா
வண்ணார்பேட்டை பைபாஸ்ல விடுவானே, அதா?" என்றான்.
அதேதான்லே.
டிக்கெட்தான் பல மடங்கு.

அப்புறம் ஒரு படிவம்.
குடும்ப வரலாறு என்று ஒரு கட்டம்.
"வீட்டுல வேற யாருக்காவது
மருந்து வேலை செய்யாமப் போனதுண்டா?
தாய்மாமன் யாராவது?"

ஞானசிகாமணி மாமா. பதினேழு வயது.
தொண்ணூற்றைந்தில் பல் பிடுங்கப் போனது.
எங்களுக்கு வந்த மாமன் சீர்
ஒரு படம்,
ஓடாத வாட்ச்,
இந்த ரத்தம்.
"அதெல்லாம் அப்ப யாரும்மா பாத்தா" என்றாள் அம்மா.
தெரியாது என்று எழுதக் குனிந்தார் டாக்டர்.

அம்மா சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தபடி,
யாரிடமும் இல்லாமல்,
"ஏத்த ஏத்த நிக்கலியே" என்றாள்.
மாமா பெட்டியைப் பிடித்துக்கொண்டு
அன்றைக்கு அவள் அழுத சொல்
அதுதான் என்று சித்தி சொல்லியிருக்கிறாள்.

டாக்டரின் பேனா எழும்பியது.
என்ன ஏத்தினாங்க?
எத்தனை?
அதுக்கு முந்தி ஏத்தினப்ப நின்னுதா?

ஒன்பது வயதில் முழங்கால்,
ஒரே பாட்டில், அன்றைக்கே நின்றது.
பன்னிரண்டில் தொடை, மூன்று.
பல்லுக்குப் பதினொன்று,
கடைசி இரண்டும் மதுரையிலிருந்து
வேனில் வந்தது.
அம்மா விரல் மடக்கி எண்ணினாள்.
அழவில்லை.
முப்பது வருடமாக அவள் சொல்லிவந்ததை
முதல்முறையாக ஒருவர்
எழுதிக்கொண்டிருந்தார்.

"இருந்திருக்கலாம்."
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ராத்திரி கடை சாத்துமுன்
படிவத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.
ஒரு நகல் வேலூருக்கு.
ஒரு நகல் வள்ளியூருக்கு,
அங்கே அக்காவுக்கு ஆறாம் மாதம்,
உள்ளே ஆணா பெண்ணா தெரியாது.
மை லேசாக மங்கும் மெஷின்.
இரண்டு தாளையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
கேள்விக்குறி
புள்ளியோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்.